அடாப்டரில் ஓடுகிறது, பேட்டரி மட்டும் 7 சதவீதத்தைத் தாண்டவில்லை: மதர்போர்டு போயிருக்குமா?

கரிசல்_கணினி

தம்பி பொறியியல் கடைசி வருடம். அவனுடைய லேப்டாப்தான் பிரச்சினை. 15 அங்குலத் திரை, 3 செல் 42 வாட்-அவர் உள் பேட்டரி, 65 வாட் அடாப்டர். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. பிராண்ட் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பெயரைச் சொன்னால் அடுத்த பத்துப் பதிவும் பிராண்ட் சண்டையாகத்தான் இருக்கும்.

அடாப்டரைச் செருகினால் லேப்டாப் ஓடுகிறது. பேட்டரி படத்தின் மேல் ப்ளக் குறியும் வருகிறது. ஆனால் "செருகப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை" என்கிறது. 7 சதவீதத்திலேயே நிற்கிறது. வயரை உருவினால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா தெரியவில்லை, கொஞ்ச நாளாக எல்லாமே மந்தம். பிரவுசர் திறக்கவே யோசிக்கிறது.

கோவில்பட்டியில் ஒரு கடையில் காட்டினோம். "சார்ஜிங் ஐசி (சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிப்) போச்சு, போர்டு மாத்தணும், 8,500 ஆகும், அப்படியே பேட்டரியும் மாத்திடுங்க" என்றார்கள். பின்பக்க மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ வருகிறது. காசைக் கொட்டுவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

அரைகுறை_ஐடி

முதலில் இலவச வைத்தியம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குப் போய் பேட்டரி என்ற பிரிவில் மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ என்று தொடங்கும் ஒன்று இருக்கும். அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், தானாகத் திரும்ப வந்துவிடும். எங்கள் ஆபீஸில் பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

சால்டரிங்_சார்

போர்டு என்று முடிவு கட்ட இன்னும் நேரம் இருக்கிறது. சுவரிலிருந்து செல் வரைக்கும் கரண்ட் போகிற பாதையை ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சுவர் ப்ளக், அடாப்டர், அதன் முனை, லேப்டாப்பில் அந்த முனையைச் செருகும் துளையான டிசி ஜாக், போர்டில் இருக்கும் சார்ஜர் ஐசி, பேட்டரி கனெக்டர், பேட்டரிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட், கடைசியில் செல். இதில் எந்த இடம் அடைத்தாலும் திரையில் வரும் செய்தி ஒன்றுதான்: சார்ஜ் ஆகவில்லை. அதனால் அந்தச் செய்தியை வைத்து எதையும் மாற்றக் கூடாது.

எனக்கு மூன்று பதில் வேண்டும். லேப்டாப்பை முழுசாக அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் சார்ஜில் போட்டால் சதவீதம் ஏறுகிறதா? பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) போனால் அடாப்டர் பற்றி என்ன காட்டுகிறது? அடாப்டர் முனை வட்டமா, அதற்குள் நடுவில் மெல்லிய ஊசி இருக்கிறதா?

ஐடி தம்பி சொன்ன வைத்தியத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் சார்ஜ் ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது விண்டோஸ் இல்லை. போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன சிப் இருக்கிறது. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் அது விழித்திருக்கும். அணைத்து வைத்தும் ஏறவில்லை என்றால் விண்டோஸைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பவர்கட்_பாண்டி

கோவில்பட்டிப் பக்கம் கோடையில் வோல்டேஜ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ட்யூப்லைட்டே எரியாது. முதலில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வையுங்கள். லோ வோல்டேஜில் போட்டுப் போட்டுத்தான் இந்த அடாப்டர்கள் எல்லாம் சாகின்றன.

சால்டரிங்_சார்

பாண்டி, அடாப்டரைத் திருப்பி அதன் ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். இன்புட் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். 230 வோல்ட் 160 ஆகக் குறைந்தாலும் அது பாட்டுக்கு 19.5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வேண்டியிருக்கலாம், லேப்டாப்புக்குத் தேவையில்லை. அடாப்டரை அதிகம் கொல்வது கரண்ட் போய்த் திரும்ப வரும் அந்த நொடி. அதைவிட அதிகமாக, வயரைப் பிடித்து இழுக்கிற பழக்கம்.

பவர்கட்_பாண்டி

சரி, ஸ்டெபிலைசர் வேண்டாம். ஆனால் ப்ளக் பாயின்ட்டைப் பார்க்கச் சொல்வதில் தப்பில்லையே? என் வீட்டில் பழைய சுவிட்ச் போர்டு ஒன்றில் மூன்று பின் ப்ளக் ஆடும். மின்விசிறிக் காற்றில் வயர் அசைந்தாலே லேப்டாப் சார்ஜ் வந்து வந்து போகும்.

சால்டரிங்_சார்

அதில் உங்கள் கட்சிதான் நானும். அடாப்டரின் செங்கல் மாதிரிப் பெட்டிக்குள் செருகும் மூன்று துளை முனையும் அப்படித்தான் தளரும். இரண்டையும் அழுத்திப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. எர்த் இல்லாத இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் போட்டால் சார்ஜ் ஏறும், ஆனால் உலோக பாடி உள்ள லேப்டாப்பைத் தொட்டால் சுருக்சுருக்கென்று இருக்கும், சிலவற்றில் டச்பேடும் தாறுமாறாக ஓடும். அது வேறு கதை.

கரிசல்_கணினி

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ப்ளக் பாயின்ட் மாற்றிப் பார்த்தாயிற்று, வித்தியாசம் இல்லை. டிவைஸ் மேனேஜர் வைத்தியமும் செய்தாயிற்று, அதே 7 சதவீதம். அணைத்துவிட்டு இரவு முழுக்கப் போட்டும் காலையில் 7தான்.

சார் கேட்டதற்கு: முனை வட்டம், நடுவில் ஊசி இருக்கிறது. பயாஸில் பேட்டரி பக்கத்தில் அடாப்டர் வகை என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று காட்டுகிறது. ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வரும், தம்பி எப்போதும் எதையோ தட்டித் தாண்டிவிடுவான். இன்றுதான் நிதானமாகப் படித்தோம். அடாப்டரின் வாட்டையும் வகையையும் கண்டுபிடிக்க முடியவில்லை, பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம், கிடைக்கிற மின்சாரத்துக்கு ஏற்ப வேகம் குறைக்கப்படும் என்று இருக்கிறது.

மல்டிமீட்டர் இருக்கிற பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன். அடாப்டரில் வோல்டேஜ் பார்க்கலாம் என்கிறார்.

சால்டரிங்_சார்

பார்க்கலாம், ஆனால் பதறாமல் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி முனையில் வெளிப் பக்க உலோகம் மைனஸ். உள் பக்கச் சுவர் ப்ளஸ். நடு ஊசி இரண்டும் இல்லை, அது தகவல் போகிற வழி. சிவப்பு ப்ரோபை (மீட்டரின் அளக்கும் முனை) உள்ளே விடும்போது ஊசியும் உள் சுவரும் ஒன்றாகத் தொட்டுவிட்டால், 19.5 வோல்ட் நேராக ஊசிக்குப் போய் அடாப்டருக்குள் இருக்கும் சின்ன சிப் செத்துவிடும். நல்ல அடாப்டரைக் கொண்டுவந்து, அளந்து பார்த்துக் கெடுத்துக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெல்லிய ப்ரோப் இல்லையென்றால் அளக்கவே வேண்டாம். மீட்டரை டிசி 200 ரேஞ்சில் வையுங்கள், 20 ரேஞ்சில் 19.5 விளிம்பில் நிற்கும்.

எப்படியும் 19.5 காட்டும் என்றே நினைக்கிறேன், இல்லாவிட்டால் லேப்டாப் ஓடாது. உங்கள் பயாஸ் சொன்னதுதான் இங்கே பெரிய தடயம். அந்த மந்தமும் அதனால்தான்.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இதே கதை பலருக்கு இருக்கும். லேப்டாப் தன்னோடு இணைந்திருப்பது 45 வாட் அடாப்டரா, 65ஆ, 90ஆ என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் 65 வாட் இழுத்தால், சின்ன அடாப்டராக இருந்தால் சூடாகிப் போய்விடும். இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வழி வைத்திருக்கிறது. லெனோவோவின் மஞ்சள் செவ்வக முனையில் ஒரு ரெசிஸ்டரின் அளவை வைத்து லேப்டாப் கணக்குப் போடும். டெல் அடாப்டருக்குள் ஒரு நினைவக சிப் உட்கார்ந்து, நடு ஊசி வழியாகத் தன் வாட்டைச் சொல்லும். எச்பி வட்ட முனையிலும் நடு ஊசி உண்டு, வேலை செய்யும் விதம் வேறு. யுஎஸ்பி-சி என்றால் இரண்டு பக்கமும் பேசி வோல்டேஜை முடிவு செய்துகொள்ளும்.

ரேஷன் கார்டு இல்லாதவருக்கு அரிசி கிடையாது என்பது மாதிரி, அடையாளம் சொல்லாத அடாப்டரிடமிருந்து பேட்டரிக்குக் கரண்ட் எடுக்க மாட்டேன் என்று லேப்டாப் நின்றுகொள்ளும். ஓடுவதற்கு மட்டும் குறைந்தபட்சம் எடுத்துக்கொண்டு ப்ராசஸர் வேகத்தையும் இறக்கிவிடும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் வேகம் எவ்வளவு என்று பாருங்கள்.

கரிசல்_கணினி

0.78 கிகாஹெர்ட்ஸ்! என்ன திறந்தாலும் அதற்கு மேல் போகவில்லை. விண்டோஸை அழித்துத் திரும்பப் போடலாம் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்.

அரைகுறை_ஐடி

சாரின் விளக்கம் அருமை. ஆனால் ஒரு இடத்தில் ஒத்துப்போக மாட்டேன். "அணைத்தும் ஏறவில்லை என்றால் மென்பொருள் இல்லை" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. லெனோவோவின் வான்டேஜ் செயலியில் பேட்டரியைக் காக்க சார்ஜைப் பாதியில் நிறுத்தும் கன்சர்வேஷன் மோட், ஆசஸில் 60 அல்லது 80 சதவீத வரம்பு, இதெல்லாம் நாம் ஒரு முறை தட்டிவிட்டால் கன்ட்ரோலருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் லேப்டாப்பை அணைத்து வைத்தாலும் வரம்புக்கு மேல் ஏறாது. எனக்கு வரும் புகார்களில் பாதி இதுதான். "60க்கு மேல் ஏறவில்லை, பேட்டரி போச்சு" என்று வருவார்கள். ஒரு பட்டனை அணைத்தால் சரியாகிவிடும்.

சால்டரிங்_சார்

சரியான திருத்தம். 60, 80 என்று உருண்டை எண்ணில் நின்றால் முதலில் அந்த அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். 7, 0, 23 என்று நின்றால் அது வரம்பு இல்லை.

வைகைக்கரை

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். அக்கா மகன் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய அரசு லேப்டாப் ஒன்று பீரோவிலேயே வருடக்கணக்கில் கிடந்தது. 2011இல் அந்தத் திட்டம் ஆரம்பித்த புதிதில் வந்தது. எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். அடாப்டர் போட்டால் பேட்டரி விளக்கு மினுக்குகிறது, 0 சதவீதம். தேதி வேறு எந்தக் காலத்தையோ காட்டுகிறது. பேட்டரியைக் கழற்றி, வெளியிலிருந்து நேரடியாகக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் உயிர் வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா சார்?

சால்டரிங்_சார்

வேண்டாம் டீச்சர். தயவுசெய்து வேண்டாம்.

பேட்டரியை உபயோகிக்காமல் வைத்தாலும் அது தானாகக் கரைந்துகொண்டேதான் இருக்கும். லித்தியம் செல் ஒவ்வொன்றும் முழுசாக ஏறினால் 4.2 வோல்ட் அளவில் இருக்கும். 2.5க்கும் வெகு கீழே இறங்கி நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கலாம். அதற்குப் பிறகு சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். பேட்டரிக்குள் இருக்கும் சர்க்யூட் இதைத் தெரிந்துதான் கதவைச் சாத்தியிருக்கிறது. வெளியிலிருந்து கரண்ட் கொடுப்பது அந்தப் பூட்டை உடைப்பதுதான். தீப்பிடித்தால் அது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில் பிடிக்கும்.

அந்தக் காலத்து லேப்டாப்பில் பேட்டரி தாழ்ப்பாளைத் தள்ளினாலே கையோடு வந்துவிடும். கழற்றி வைத்துவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள், பெரும்பாலும் ஓடும். பள்ளியில் மேசை மேல் ஒரே இடத்தில் இருக்கப் போகிறது என்றால் பேட்டரியே தேவையில்லை. தேதி மாறுவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்துபோனது. கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். சில மாடலில் அதற்கு வயரும் கனெக்டரும் சேர்ந்தே இருக்கும், வாங்குமுன் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகி

செல்லுக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து எழுப்பும் முறைகளை இங்கே யாரும் பகிர வேண்டாம். அப்படி வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

வைகைக்கரை

பேட்டரி இல்லாமலே ஓடுகிறது சார். லினக்ஸ் போட்டுத் தர ஐடி தம்பி ஒத்துக்கொண்டிருக்கிறார். மிக்க நன்றி.

மாடிவீட்டு_மலர்

எனக்கும் ஒரு சந்தேகம். மதியத்தில் சார்ஜ் ஏறுவதில்லை, இரவில் தானாக ஏறுகிறது. எங்கள் வீடு வேலூரில், மாடியில் ஷீட் போட்ட அறை. இதுவும் அடாப்டர் அடையாளப் பிரச்சினையா?

சால்டரிங்_சார்

இது வெயில். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி வரைதான் சார்ஜ் செய்ய விடுவார்கள். அறையே 40ஐத் தொட்டால், லேப்டாப் ஓடுகிற சூட்டில் பேட்டரி சுலபமாக 45ஐத் தாண்டும். உள்ளே இருக்கும் சூடு சென்சார் பார்த்துவிட்டு நிறுத்திவைக்கும். குளிர்ந்ததும் தானாக ஏறும். மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். முடிந்தால் மதியத்தில் கீழே கொண்டுபோய் அணைத்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள். ஃபேனில் தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். வேறு ஒன்றும் கெடவில்லை.

அரைகுறை_ஐடி

கரிசல், ஒரு குறுக்கு வழி. சில பயாஸில் அடாப்டர் எச்சரிக்கை என்று ஒரு தெரிவு உண்டு. அதை அணைத்தால் அந்தக் கறுப்புத் திரை வராது.

சால்டரிங்_சார்

செய்தி வராது. சார்ஜும் வராது.

அரைகுறை_ஐடி

அதுவும் சரிதான். பின்வாங்குகிறேன் :-)

கரிசல்_கணினி

சார், அப்படியானால் அடாப்டரை மாற்றினால் போதுமா? ஆன்லைனில் அதே முனையுள்ள, வேறு கம்பெனி செய்த கம்பேட்டிபிள் அடாப்டர் 600 ரூபாய்க்குக் கிடக்கிறது. ஒரிஜினல் 1,900 என்கிறார்கள்.

சால்டரிங்_சார்

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். அடையாளம் போகும் பாதையில் மூன்று இடம் இருக்கிறது. அடாப்டரின் சிப்பும் வயரும், லேப்டாப்பின் ஜாக், ஜாக்கிலிருந்து போர்டுக்குப் போகும் வழி. இதில் எது என்று தெரிய, தம்பியின் கல்லூரியில் இதே முனையுள்ள, அதே கம்பெனி லேப்டாப் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போதும். அவருடைய அடாப்டரை உங்கள் லேப்டாப்பில் போட்டு பயாஸைப் பாருங்கள். உங்கள் அடாப்டரை அவர் லேப்டாப்பில் போட்டும் பாருங்கள். இரண்டையும் செய்ய வேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் பாதிப் பதில்தான் கிடைக்கும். பயாஸ் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, முனைக்குப் பக்கத்தில் வயரை மெதுவாக வளைத்தும் பாருங்கள். ஒரு கோணத்தில் 65 வாட் என்று வந்து போனால் வயருக்குள் அடையாளக் கம்பி அறுந்திருக்கிறது. இந்த வகை அடாப்டரில் அந்தக் கம்பிதான் இருப்பதிலேயே மெல்லியது, முதலில் அறுவதும் அதுதான்.

நண்பருடையது 45 வாட்டாக இருந்தாலும் சோதனைக்குப் பரவாயில்லை, 45 என்று அடையாளம் வந்தாலே போதும். 90 வாட் இருந்தால் இன்னும் நல்லது. வோல்டேஜ் ஒன்றாக இருக்க வேண்டும், வாட் கூடுதலாக இருக்கலாம். தேவையான அளவைத்தான் லேப்டாப் இழுக்கும்.

கம்பேட்டிபிள் பற்றி: எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த அடையாள சிப் இல்லாமலே விற்பவை உண்டு. அதை வாங்கினால் இதே 7 சதவீதத்துக்கு 600 ரூபாய் கொடுத்த மாதிரி. இந்தியாவில் விற்கும் அடாப்டருக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். ஸ்டிக்கரில் ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும் (பலவற்றில் ஐஎஸ் 13252), ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பவர்கட்_பாண்டி

நான் இதுவரை எந்த அடாப்டரிலும் அந்த எண்ணைப் பார்த்ததில்லை. இப்போது தேடினேன். போன் சார்ஜரில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் 250 ரூபாய்க்கு வாங்கியதில் இல்லை.

புதுக்கல்லூரி_மாணவி

யுஎஸ்பி-சி பற்றி ஒரு வரி சொன்னீர்கள் சார். என் லேப்டாப் அதில்தான் சார்ஜ் ஆகும். போனுக்கு வந்த 67 வாட் சார்ஜரைப் போட்டால் "மெதுவான சார்ஜர்" என்கிறது, அல்லது ஏறுவதே இல்லை. லேப்டாப்புக்கு 65தான் வேண்டும், இது 67 ஆயிற்றே?

அரைகுறை_ஐடி

இதற்கு நான் சொல்கிறேன், தினமும் ஆபீஸில் சொல்லிச் சொல்லி மனப்பாடம். அந்த 67 வாட் பெரும்பாலும் அந்த போன் கம்பெனியின் சொந்த முறையில்தான் கிடைக்கும். லேப்டாப்புக்குத் தெரிந்தது யுஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொது முறை. சார்ஜரின் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் பிடி என்று போட்டு 5, 9, 15, 20 வோல்ட் என்று வரிசையாக இருக்கிறதா பாருங்கள். 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று இருந்தால்தான் உங்களுக்கு 65 வாட். 20 வோல்ட் வரியே இல்லையென்றால் லேப்டாப்புக்கு அது பெரிதாகப் பயன்படாது.

அடுத்தது கேபிள். சாதாரண சி-டு-சி கேபிளில் 3 ஆம்பியர்தான் அனுமதி, அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் கேபிளின் முனைக்குள்ளேயே அடையாள சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதுதான் கொடுமை. இன்னொன்று, லேப்டாப்பில் இரண்டு சி போர்ட் இருந்தால் ஒன்றில் மட்டும்தான் சார்ஜ் ஏறும் மாடல்களும் உண்டு. பக்கத்தில் ப்ளக் படமோ பேட்டரி படமோ இருக்கிறதா பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் புது லேப்டாப்புகளுக்கும் யுஎஸ்பி-சி கட்டாயம் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். போன்களுக்கு 2024 டிசம்பரிலேயே வந்துவிட்டது. இங்கேயும் வட்ட முனைகள் மெதுவாக ஒழியும். சாருக்கு வேலை குறையும்.

சால்டரிங்_சார்

குறையாது. சி போர்ட்டை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போதே வரிசையில் நிற்கிறார்கள். அதை மாற்றுவது வட்ட ஜாக்கைவிடக் கஷ்டம், போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள்.

கரிசல்_கணினி

சோதனை முடிந்தது. தம்பியின் நண்பனிடம் அதே கம்பெனி, வேறு மாடல், அதே முனை. நண்பனின் அடாப்டரை எங்கள் லேப்டாப்பில் போட்டோம்: "தெரியவில்லை". எங்கள் அடாப்டரை அவன் லேப்டாப்பில் போட்டோம்: 65 வாட், சார்ஜும் ஏறுகிறது. வயரை எப்படி வளைத்தாலும் அங்கே 65தான். ஆனால் எங்கள் லேப்டாப்பில் முனையை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தபோது ஒரு கணம் 65 வந்து போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஜாக்கின் நடுத் துளை கொஞ்சம் அகன்று, ஓரத்தில் பழுப்பேறி இருக்கிறது.

சால்டரிங்_சார்

முடிந்தது. அடாப்டர் நல்லது, ஜாக் கெட்டது. அழுத்தினால் அடையாளம் வருகிறது என்பதால் போர்டும் பெரும்பாலும் நல்லதுதான். நடு ஊசியைப் பிடிக்கிற உள் கிளிப் தளர்ந்திருக்கும். ஊசி தொட்டும் தொடாமலும் இருக்கும், ப்ளஸ்ஸும் மைனஸும் நன்றாகவே தொடும். அதனால்தான் லேப்டாப் ஓடியது.

அடுத்தது நல்ல செய்தி. இந்த வகை லேப்டாப்புகளில் ஜாக்கைப் பல நேரம் போர்டில் சால்டர் செய்திருக்க மாட்டார்கள். ஒரு குட்டி வயர் கொத்தோடு தனிப் பாகமாக இருக்கும், மறுமுனையை போர்டில் செருகியிருப்பார்கள். கடையில் டிசி ஜாக் கேபிள் என்று கேட்டால் தெரியும். 300, 400 ரூபாய்க்குள் வரும். மாடல் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். ஒரே மாடலிலேயே வயர் நீளமும் கனெக்டரும் மாறும். பழையதைக் கழற்றி, அதில் ஒட்டியிருக்கும் பாக எண்ணைப் படித்து அதையே வாங்குங்கள்.

திறக்கும்போது அடாப்டரை உருவிவிட்டு, மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை எடுங்கள். அதை நகத்தால் நெம்புங்கள், ஸ்க்ரூட்ரைவரால் வேண்டாம். பிறகு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடியுங்கள். திருகுகள் ஒரே நீளமாக இருக்காது, எது எங்கே என்று காகிதத்தில் குத்தி வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் துளையில் போட்டால் கீபோர்டுப் பக்கம் முட்டிக்கொண்டு வரும். கைக்குப் பழக்கமில்லை என்றால் பாகத்தை நீங்களே வாங்கிக்கொண்டு கடையில் மாற்றும் கூலி மட்டும் பேசுங்கள்.

கரிசல்_கணினி

திருநெல்வேலியில் வேறொரு கடையில் கொடுத்தோம். ஜாக் கேபிள் 350, கூலி 300. கண் முன்னாலேயே மாற்றிக் கொடுத்தார். பயாஸில் 65 வாட் வந்துவிட்டது, எச்சரிக்கை இல்லை, ப்ராசஸர் வேகமும் பழைய நிலைக்கு ஏறிவிட்டது. பேட்டரி நூறைத் தொட்டது.

அரைகுறை ஐடி தனிச் செய்தியில் சொன்னபடி கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளை கொடுத்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். வடிவமைத்த கொள்ளளவு 42,000 மில்லி வாட்-அவர், இப்போது முழு சார்ஜில் 27,000 என்று இருக்கிறது. பேட்டரியையும் மாற்ற வேண்டுமா?

அரைகுறை_ஐடி

64 சதவீதம். மாற்றிவிடுவது நல்லது. ரிவ்யூ நடுவில் கரண்ட் போனால் அழுவது தம்பிதான்.

சால்டரிங்_சார்

நான் மாற்றச் சொல்ல மாட்டேன். லேப்டாப் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முறை முழுசாக ஏறி இறங்கினாலே 80 சதவீதத்துக்குப் பக்கம் வந்துவிடும். நான்கைந்து வருட பேட்டரிக்கு 64 இயல்பு. ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்கும். ஹாஸ்டலில் ப்ளக் பாயின்ட் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு அது போதாதா? 30 சதவீதம் இருக்கும்போதே திடீரென்று அணைந்தால், அல்லது உப்பினால் மாற்றுங்கள். அப்படி வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். கடை அலமாரியில் இரண்டு வருடம் கிடந்த "புது" பேட்டரி ஏற்கெனவே பாதி கிழவன். பேட்டரிக்கான எண் ஐஎஸ் 16046.

அரைகுறை_ஐடி

எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை, ஆனாலும் காசு அவர்களுடையது.

மாடிவீட்டு_மலர்

உப்பினால் என்றதும் பயமாகிவிட்டது. என் லேப்டாப்பில் டச்பேட் கொஞ்ச நாளாக அழுந்துவதே இல்லை. மேசையில் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடுகிறது. இரவில் சார்ஜ் என்னவோ நன்றாகத்தான் ஏறுகிறது. இதைப் பற்றித்தானே சொல்கிறீர்கள்?

சால்டரிங்_சார்

அதேதான் அம்மா. வெயில் அறையில் சூடு பட்டுப் பட்டு செல்லுக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. மேலே நான் "ஒன்றும் கெடவில்லை" என்று எழுதியது சார்ஜ் நின்று நின்று வருவதற்கு மட்டும். இது வேறு விஷயம், தள்ளிப்போடக் கூடாது. இப்போதே அடாப்டரை உருவி, அணைத்து வையுங்கள். தேவையான ஃபைல்களை வேறு எங்கும் எடுத்து வைக்கவில்லை என்றால் அதையும் கடையில் பேட்டரியைக் கழற்றிய பிறகு அடாப்டரில் ஓட்டி எடுத்துக்கொள்ளலாம். டச்பேடை அமுக்கிப் பார்க்காதீர்கள். நீங்களே நெம்பி எடுக்க வேண்டாம், ஊசியால் குத்திக் காற்றை இறக்குகிற வேலை வேண்டவே வேண்டாம். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. சர்வீஸ் சென்டரில் கொடுங்கள், இல்லையென்றால் பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம்.

கடைக்குக் காலையிலேயே கொண்டுபோங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து வெயிலில் நிறுத்திவிடாதீர்கள்.